குலுக்கிப் பார்த்த டின்கள்

மருமகள் காலிக் காய்கறிப் பையை என் மடியில் போட்டாள். அதன்மேல் அவளுடைய பர்ஸ் வந்து விழுந்தது.

“இந்தாங்க மாமா. ஏழாம் தேதிதான் சம்பளம். அதுவரைக்கும் இதுதான். நான் வாங்குற வெங்காயம் அழுகல், நான் ஊத்துற எண்ணெய் ஆறு, நான் ஆக்குற சோறு மலை. இனிமே நீங்களே நடத்துங்க.”

அன்று இருபத்தேழாம் தேதி. வேலைக்குக் கிளம்பும் அவசரத்தில் தலைமுடியை முடிந்துகொண்டே சொன்னாள். கோபமாகச் சொல்லியிருந்தால் பதிலுக்கு நானும் நாலு வார்த்தை சொல்லியிருப்பேன். சிரித்துக்கொண்டே சொன்னதால்தான் எனக்குச் சந்தேகம் வந்தது. அவள் போனதும் பர்ஸைத் திறந்து எண்ணினேன். மறுபடியும் எண்ணினேன். முதலில் எண்ணியவன் நான்தானே, அவனை எப்படி நம்புவது. இரண்டு தடவையும் ஒன்றாகத்தான் வந்தது. மூன்று பேர் சாப்பிட ஆறு நாள் தாங்கும். இழுத்துப் பிடித்தால் ஏழு. இருந்ததோ பதினோரு நாள். சிரிப்புக்கு அர்த்தம் அப்போது புரிந்தது.

என் மகன் தூரத்தில் ஒரு அணை வேலையில் இருக்கிறான். காண்டிராக்டர் இரண்டு மாதமாகச் சம்பளம் தரவில்லை. ஞாயிற்றுக்கிழமை போன் பண்ணி “அடுத்த வாரம்பா” என்பான். அந்த அடுத்த வாரத்தை நான் கணக்கில் சேர்ப்பதே இல்லை. வீட்டை ஓட்டுவது மருமகள். நான் முப்பத்தோரு வருஷம் மூட்டை தூக்கிய அதே கிடங்கில் அவள் பெட்டி ஒட்டுகிறாள். மூன்றாவது ஆள் பேத்தி. எட்டு வயசு, பேச்சு எண்பது வயசு. வாயாடி என்றுதான் கூப்பிடுகிறோம், அவளும் திரும்பிப் பார்க்கிறாள்.

வீட்டில் இன்னொரு பணமும் இருந்தது. அதைத் தொடக்கூடாது. பழைய தேயிலை டப்பாவுக்குள் ஒரு கவர். ஆறாம் தேதி மருமகளுக்கு லைசன்ஸ் பரீட்சை. கிடங்கில் சரக்கைக் கொம்பில் குத்தித் தூக்கிக்கொண்டு போகிறதே, அந்த வண்டியை ஓட்டுவதற்கு. அதற்கு ஏதோ வாயில் நுழையாத பேர் இருக்கிறது, நான் கொம்பு வண்டி என்பேன். பரீட்சைக்கு அன்றைக்கே பணம் கட்டவேண்டும். விட்டால் அடுத்த பரீட்சை ஆறு மாதம் கழித்துத்தான். தேறினால் சம்பளம் ஏறக்குறைய இரண்டு மடங்கு. ஐந்து மாதமாகப் பஸ்ஸில் போகாமல் நடந்து நடந்து சேர்த்த பணம் அது. ஒரு நாள் முன்னால் சம்பளம் கொடுத்தால் என்ன கெட்டுப்போகும் அவர்களுக்கு என்று நான் கேட்டேன். “நீங்களே போய்க் கேளுங்க மாமா, உங்களுக்குத்தான் அங்க நல்ல பேரு” என்றாள்.

அந்தக் கொம்பு வண்டி வந்த வருஷம்தான் எங்கள் பதினான்கு பேரை வீட்டுக்கு அனுப்பினார்கள். இன்றைக்கும் அதைப் பார்த்தால் எனக்கு ஆகாது. ஆனால் கவரை நான்தான் நூலால் சுற்றி, முடிச்சுக்கு மேல் முடிச்சு போட்டு வைத்தேன். என் முதுகிலிருந்து பிடுங்கிக்கொண்டு போன வேலை, திரும்பி என் வீட்டுக்கே வரட்டுமே.

பையை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். உண்மையைச் சொன்னால் கால் தரையில் பாவவில்லை. பல வருஷமாக யாரும் என்னிடம் ஒரு வேலையைக் கொடுத்து முடி என்று சொன்னதில்லை. அரிசி வாங்கினேன், தராசுத் தட்டின் அடியில் கைவிட்டுப் பார்த்துவிட்டுத்தான். உருளைக்கிழங்கு ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்து எடுத்தேன். கடைக்காரி “என்ன, கல்யாணத்துக்குப் பொண்ணா பாக்குறீங்க?” என்றாள். வெங்காயம், எண்ணெய், உப்பு. பர்ஸில் பாதி காலி. இன்னும் பருப்பு இல்லை, மீன் இல்லை, முட்டை இல்லை. வளருகிற பிள்ளை வெறும் கிழங்கைத் தின்று பதினோரு நாள் இருக்குமா.

அப்படி யோசித்துக்கொண்டு வரும்போதுதான் ஒட்டகத்தின் கடை வாசலில் அந்த மரப்பெட்டியைப் பார்த்தேன். கடைக்காரனுக்கு நீளமான கழுத்து, அதனால் அந்தப் பெயர். அடிபட்ட சாமான்தான் விற்பான். நசுங்கிய பிஸ்கட், கிழிந்த உறையில் சோப்பு, மூடி விரிந்த ஊறுகாய் பாட்டில். பெட்டி நிறைய டின்கள். ஒன்றிலும் லேபிள் இல்லை. அம்மணமாகக் கிடந்தன.

“குழாய் வெடிச்சு முழுகின சரக்கு,” என்றான் ஒட்டகம். “டின்னுக்கு ஒண்ணும் ஆகல, பேப்பர்தான் போச்சு. மீன் இருக்கலாம், பட்டாணி இருக்கலாம், பழம் இருக்கலாம். அதிர்ஷ்டம். எது எடுத்தாலும் ஒரு ரொட்டி விலை. எடுத்தா எடுத்ததுதான், திருப்பித் தரக்கூடாது.”

அடித்தது யோகம் என்று நினைத்தேன். முகத்தில் காட்டவில்லை.

அவனுக்குத் தெரியாத ஒன்று எனக்குத் தெரியும். கிடங்கில் பெட்டி உடைந்தால் நசுங்கிய டின்களை எங்களுக்குத் தள்ளிவிடுவார்கள். திறப்பதற்கு முன்னால் காதில் வைத்துக் குலுக்கி, உள்ளே என்னவென்று ஒரு டீக்குப் பந்தயம் கட்டுவோம். முப்பத்தோரு வருஷத்தில் எத்தனை டீ குடித்திருப்பேன் என்று நினைக்கிறீர்கள். பட்டாணி தகர ஓட்டில் தூறல் விழுவதுபோலக் கேட்கும். பயறு அதையே கனமாகச் சொல்லும், களக் களக்கென்று. பாகில் போட்ட பழம் சோம்பேறி, கை நின்ற பிறகுதான் உள்ளே நகரும். மீன் ஒரே ஒரு தடவை தொப்பென்று விழும், பாயில் புரண்டு படுப்பவன்போல. இறைச்சிக்குச் சத்தமே கிடையாது. உப்பிய டின்னைத் தொடவே கூடாது.

கீழே உட்கார்ந்தேன். ஒவ்வொன்றாக எடுத்துக் காதில் வைத்தேன்.

“என்ன பெரியவரே, போன்ல பேசுறீங்களா?”

“ஆமா. உங்க அப்பா லைன்ல இருக்காரு. கடையை ஒழுங்கா நடத்தச் சொல்றாரு.”

ஒன்பது டின் எடுத்தேன். மூன்று பயறு, மூன்று பட்டாணி, இரண்டு மீன், வாயாடிக்காக ஒரே ஒரு பழம். பணம் கொடுக்கும்போது சிரிப்பை இருமலாக மாற்றினேன். வயசு என்று அவன் நினைத்திருப்பான்.

அன்று சாயங்காலம் ஒன்பதையும் மேஜைமேல் வரிசையாக நிறுத்திவைத்தேன். மருமகள் செருப்பைக் கழற்றாமலே நின்று பார்த்தாள்.

“மாமா, இதெல்லாம் என்ன?”

“சாப்பாடு.”

“என்ன சாப்பாடு?”

“அதைத் திறக்கிறதுக்கு முன்னாடி சொல்றவன்தான் ஆம்பளை.”

“ஏன், பொம்பளை சொல்லக்கூடாதா?” என்று வாயாடி நடுவில் புகுந்தாள். அப்படித்தான் விளையாட்டு ஆரம்பித்தது. ஆளுக்கொரு தடவை குலுக்கவேண்டும், சொல்லவேண்டும். பிறகுதான் திறப்பது. தோற்றவர் பாத்திரம் கழுவவேண்டும். முதல் டின்னுக்கு மருமகள் பழம் என்றாள், வாயாடி கோலிக்குண்டு என்றாள். நான் பயறு என்றேன். கத்தி டின்னைச் சுற்றி வருவதற்குள் மூன்று தலையும் ஒன்றோடு ஒன்று முட்டிக்கொண்டன. பயறுதான். வெங்காயத்தைப் போட்டு வதக்கி, எண்ணெயைப் பாட்டில் மூடியால் ஒரே மூடி அளந்து ஊற்றி, சோற்றோடு வைத்தேன். பாத்திரம் கழுவும்போது மருமகள் சிரித்தாள். அந்த வீட்டில் அந்தச் சத்தம் கேட்டு எவ்வளவு நாளாயிற்று என்று எண்ணிப் பார்த்தேன், எண்ணிக்கை பிடிபடவில்லை.

அதற்கடுத்த நாட்களை நான் எப்படிச் சொல்வது. காலையில் எழுந்ததும் டின்களைத்தான் பார்ப்பேன். மருமகள் வேலைவிட்டு ஓட்டமும் நடையுமாக வந்து, கதவைத் திறக்கும்போதே “ஆரம்பிச்சிட்டீங்களா?” என்பாள். பட்டாணி என்றேன், பட்டாணி வந்தது. மீன் என்றேன், மீன் வந்தது. அந்த வாசனைக்கு மாடிவீட்டுப் பூனை படியிறங்கி வந்து வாசலில் உட்கார்ந்துகொண்டது. பழ டின்னை ஞாயிற்றுக்கிழமை திறந்தோம், மகன் போன் பண்ணும் நேரம் பார்த்து. “என்னப்பா அங்க ஒரே சத்தம்?” என்றான். “உன் பொண்ணு பாகு குடிக்கிறா. நீ சம்பளத்தை வாங்கு” என்று வைத்துவிட்டேன்.

வாயாடிக்கு மட்டும் ஒரு கெட்ட பழக்கம் வந்தது. டின்னைத் திறக்கும் முன் கவிழ்த்து, அடியில் பொறித்திருக்கும் எழுத்தை நோட்டுப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் எழுதிவைத்தாள். “தாத்தா, பட்டாணிக்கெல்லாம் ஒரு எழுத்து. மீனுக்கு ரெண்டு எழுத்து. குலுக்கவே வேண்டாம், இதைப் பார்த்தாலே போதும்.”

“அச்சடிக்கிறவன் பொய் சொல்லுவான். டின் பொய் சொல்லாது.”

எழுத்து எனக்குக் கூட்டித்தான் படிக்க வரும். அதற்காகச் சொல்லவில்லை. நான் கையெழுத்துப் போட்ட எந்தக் காகிதமும் எனக்கு நல்லது செய்ததில்லை. பதினான்கு பேரை அனுப்பியதும் ஒரு காகிதம்தான்.

இரண்டாம் தேதி காலை. ஒரு டின்கூட மிச்சமில்லை. அரிசி அடியில் இருந்தது, கிழங்கு மூன்று. பர்ஸில் இருந்த எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு வாயாடியோடு ஒட்டகத்தின் கடைக்குப் போனேன். அன்றைக்கு நல்ல குளிர். வாயைத் திறந்தால் புகை வந்தது. பெட்டியின் அடியில் ஒரே அளவில் குட்டையான டின்கள் பத்துக் கிடந்தன. ஒன்றை எடுத்துக் குலுக்கினேன். சத்தமில்லை. இன்னொன்று. அதுவும் ஊமை. ஆனால் கையில் நல்ல கனம்.

அங்கேதான் என் அறிவு வேலை செய்தது. மீன் டின்னும் இதே குட்டை. மீன் எண்ணெயில் ஊறிக்கிடப்பது. இந்தக் குளிரில் எண்ணெய் உறைந்திருக்கும். உறைந்த எண்ணெயில் மீன் எப்படி நகரும். குளிர்காலத்தில் கிடங்கில் இதை நாங்கள் பார்த்திருக்கிறோம். பத்தும் மீன். வேறு எவனுக்கும் இது தோன்றாது. காது சூடாகிவிட்டது எனக்கு.

வாயாடி ஒவ்வொன்றாகக் கவிழ்த்துப் பார்த்தாள். “தாத்தா, இதுல மூணு எழுத்து இருக்கு. மூணு எழுத்து இதுவரைக்கும் வரவே இல்ல.”

“வாயை மூடு. அவன் காதுல விழப்போகுது.”

பத்தையும் வாங்கினேன். பர்ஸைக் கவிழ்த்தாலும் தூசிதான் விழும். வழியெல்லாம் மனசுக்குள் மீனைப் பங்குபோட்டுக்கொண்டே வந்தேன். ஒரு நாளைக்கு இரண்டு, ஏழாம் தேதிவரைக்கும் சரியாக வரும். பரீட்சைக்குப் போகும் பெண் தெம்பாகப் போகவேண்டுமில்லையா.

சாயங்காலம் மருமகள் குலுக்கிப் பார்த்துவிட்டு “ஒண்ணும் கேக்கலையே மாமா” என்றாள். “பொறு” என்றேன். கத்தியை இறக்கினேன். மீன் வாசனை வரவில்லை. எந்த வாசனையும் வரவில்லை. கத்தி முனையில் வெள்ளையாக ஏதோ ஒட்டிக்கொண்டு நூல்போல இழுத்தது. வாயாடி விரலை விட்டு நக்கினாள்.

“தாத்தா, இனிக்குது.”

மருமகளும் விரலை விட்டு நக்கினாள். “மீனு பால் குடிச்சிருக்கும்போல” என்றாள்.

கெட்டிப் பால். டீக்கு ஊற்றுகிற இனிப்புப் பால். மூன்று எழுத்துக்கு அதுதான் அர்த்தம். இரண்டு கைப்பிடி அரிசியும் மூன்று கிழங்கும் பால் டின்களும் வைத்துக்கொண்டு நாலு நாள் ஓட்டவேண்டும். பர்ஸ் காலி. ஒட்டகம் திருப்பி வாங்கமாட்டான், எடுத்தபோதே சொல்லிவிட்டான். நான் கத்தியைப் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தேன்.

மருமகள் என்னைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம். எழுந்துபோய்த் தேயிலை டப்பாவை எடுத்தாள். கவரை வெளியே எடுத்து முடிச்சை அவிழ்க்கப் பார்த்தாள். முப்பத்தோரு வருஷம் லாரிக்குக் கயிறு கட்டியவன் போட்ட முடிச்சு. நகம் உள்ளே போகவில்லை. பல்லால் கடித்தாள். எனக்குக் கிடைத்தது அவ்வளவு நேரம்தான்.

“ஒரு நாள் குடும்மா. நாளைக்குச் சாயங்காலம் நானே அவுத்துத் தரேன்.”

“நாளைக்கு என்ன மாமா நடக்கப்போகுது?”

“தெரியல.”

அவள் கவரைப் பல்லிலிருந்து எடுத்தாள். “தெரியலன்னு நீங்க சொல்லி இப்பத்தான் முதல் தடவையா கேக்குறேன்” என்றாள். கவரை டப்பாவுக்குள் வைத்தாள். மூடியை மூடவில்லை.

தெரியல என்றேனே தவிர, அந்த முடிச்சை அவள் கடித்தபோதே எனக்குத் தெரிந்துவிட்டது. அந்த ஊரில் கெட்டிப் பால் வேண்டியவன் ஒரே ஒருத்தன்தான். அவன் கடைக்கு நான் போய் நாலு வருஷமாகிறது.

பஸ் நிறுத்தத்துக்கு எதிரே டீக்கடை. நாலு வருஷத்துக்கு முன்னால் அங்கே எனக்கு ஒரு டீ கொடுத்தான். நுரையை ஊதினேன். பாதி கிளாஸ்தான் இருந்தது. கடை நிறைய ஆள் இருக்கும்போது கிளாஸைத் தூக்கிக் காட்டி, “இவன் பேரு அரைக்கிளாஸ்” என்றேன். பேர் ஒட்டிக்கொண்டது. போகிற வருகிற பிள்ளைகளெல்லாம் அப்படிக் கூப்பிட்டார்கள். எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது.

மூன்றாம் தேதி காலை, திறந்த டின்னைத் தட்டால் மூடி ஒரு கையிலும், மூடிய டின் ஒன்றை மறு கையிலும் எடுத்துக்கொண்டு போனேன். பெஞ்சில் ஆறேழு பேர் இருந்தார்கள்.

“என்ன பெரியவரே, பஸ் ஸ்டாப் அந்தப் பக்கம்,” என்றான் டீக்கடைக்காரன்.

தட்டை எடுத்தேன். “பால்.”

ஸ்பூனை விட்டு வழித்து நாக்கில் வைத்தான். முகத்தில் ஒன்றும் காட்டவில்லை, அவனும் என்னை மாதிரிதான். “நல்ல பால். எத்தனை இருக்கு?”

“இது போக ஒன்பது. பணம் வேண்டாம். முட்டையும் ரொட்டியும் குடு.”

மூடிய டின்னை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தான். “இதுல ஒண்ணுமே எழுதலையே. உள்ள பால்தான்னு நான் எப்படி நம்புறது?”

“நான் சொல்றேன்ல.”

பெஞ்சு முழுக்கச் சிரித்தது. அவன் சிரிக்கவில்லை. “நீ சொல்ற. நான் ஊத்தினப்ப நீ நம்பினியா?”

அவன் திரும்பி ஒரு டீ போட்டான். ஆற்றி, ஊற்றி, விளிம்புவரை கொண்டுவந்து என் முன்னால் வைத்தான். “குடி. காசு வேண்டாம். எவ்வளவு இருக்குன்னு எல்லாருக்கும் கேக்குற மாதிரி சொல்லு.”

நான் குனிந்து நுரையை ஊதினேன். கை பழகிவிட்டது, என்ன செய்ய. நுரை விலகியதும் பார்த்தேன். “நிறைய இருக்கு.”

“அன்னிக்கு?”

அங்கேதான் மாட்டிக்கொண்டேன். அன்றைக்கும் நிறையத்தான் இருந்தது, என் கண் சரியில்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் முடிந்தது. டின் போகும், முட்டை வரும், கவர் தப்பிக்கும். பெஞ்சில் எல்லோரும் அதைத்தான் எதிர்பார்த்தார்கள். வாயைத் திறந்தேன். அந்த வார்த்தை வரவில்லை.

“அன்னிக்கு அரைதான்,” என்றேன்.

என் மருமகளின் ஐந்து மாத நடை என் நாக்கில் போய்விட்டதென்று நினைத்தேன். அவன் கல்லாவில் கையூன்றிக்கொண்டு என்னையே பார்த்தான். பிறகு அவன் தொப்பை குலுங்க ஆரம்பித்தது.

“அரைதான்யா,” என்றான். “அன்னிக்குப் பாலு பத்தல. கடைசி ஆளு நீ. நுரையை ஏத்தி ஒப்பேத்தலாம்னு பார்த்தேன். ஊதுவன்னு யாருக்குத் தெரியும்?” கண்ணைத் துடைத்துக்கொண்டான். “டின்னைத் தள்ளிவிடறதுக்காகவாவது பொய் சொல்றியான்னு பார்த்தேன். சொல்லல. சரி, கொண்டா.”

“எல்லாத்தையுமா?”

“அதெல்லாம் இல்ல. தினம் ரெண்டு. என் முன்னாடி திறக்கணும். ரெண்டுக்கு ஆறு முட்டை, ஒரு ரொட்டி.”

“முட்டையைத் தண்ணியில போட்டுப் பார்ப்பேன். மிதந்தா எடுக்க மாட்டேன்.”

“போட்டுப் பாரு. ரொட்டியை வேணும்னா எக்ஸ்ரே எடு.”

ஒருவரை ஒருவர் துளிகூட நம்பாமல் வியாபாரம் முடிந்தது. எனக்கு அதுபோல நிம்மதி வேறெதிலும் கிடையாது. திறந்த டின்னையும் மூடிய டின்னையும் அன்றைக்கு உள்ள இரண்டாக எடுத்துக்கொண்டான். மூடியதை அவன் கண்ணெதிரே திறந்தேன். பால்தான். ஆறு முட்டையும் அடியில் போய் உட்கார்ந்தன. வீட்டுக்கு ஓடினேன் என்று சொன்னால் நீங்கள் சிரிப்பீர்கள். முட்டையோடு ஓட முடியாது. ஆனால் மனசு எனக்கு முன்னால் போய்க் கதவைத் தட்டிக்கொண்டிருந்தது.

சாயங்காலம் மருமகள் வந்து, ரொட்டியையும் முட்டையையும் பார்த்தாள். தேயிலை டப்பாவின் மூடியை எடுத்து அழுத்தி மூடினாள். அந்த டக் என்ற சத்தம் எனக்குப் போதும்.

வீட்டில் மிச்ச டின்களை எண்ணினால் ஏழுதான் வந்தது. எட்டு இருக்கவேண்டும். மாடிவீட்டுக்காரனைச் சந்தேகப்பட்டேன். பூனையைக்கூடச் சந்தேகப்பட்டேன். கடைசியில் வாயாடியின் தலையணைக்கு அடியில் கிடைத்தது.

“இதைக் குடுக்காதீங்க தாத்தா. இது வேற. அடியில ரெண்டு எழுத்துதான் இருக்கு.”

குலுக்கினேன். மற்றதுபோலவே ஊமை. “எல்லாம் ஒண்ணுதான்” என்றேன்.

“இல்ல. அம்மா பாஸானா இதைத் திறக்கலாம்.”

ஒரு தடவை எழுத்தை நம்பாமல் பட்டவன். மறுபடி அதோடு மோதவேண்டாமென்று விட்டுவிட்டேன். ஏழில் ஒன்றை வீட்டு டீக்கு வைத்துக்கொண்டது போக, ஆறு டின் மூன்று நாளைக்குச் சரியாக இருந்தது. அவித்தும் பொரித்தும் ரொட்டிக்குள் வைத்தும் முட்டையை இத்தனை விதமாகச் சமைக்கலாமென்று எனக்கே அப்போதுதான் தெரிந்தது. ஐந்தாம் தேதி டீக்கடைக்காரன் ரொட்டியோடு ஒரு வாழைப்பழச் சீப்பையும் வைத்தான். “இது எதுக்கு?” என்றேன். “கறுத்துப்போச்சு, விக்காது. சந்தேகப்படாம எடுத்துட்டுப் போ” என்றான். மூன்று பழம் கறுப்பு, மூன்று நல்ல மஞ்சள். பார்த்தேன், சொல்லவில்லை.

ஆறாம் தேதி கடைசி இரண்டு டின்னைக் கொடுத்துவிட்டு மூவரும் பரீட்சை மைதானத்துக்கு நடந்தோம். வாயாடி தன் டின்னை என் கோட்டுப் பையில் போட்டாள். ஒரு பக்கம் கோட்டு இழுத்துக்கொண்டு தொங்கியது. ஒரு வாரமாக இருந்த குளிர் விட்டு, நல்ல வெயில் அடித்தது. கவுண்டரில் மருமகள் கவரை நீட்டினாள். முடிச்சு அவிழவில்லை. குமாஸ்தா பேனாவைத் தட்டினான். நான் நடுவில் புகுந்து, நகத்தை எங்கே கொடுக்கவேண்டுமோ அங்கே கொடுத்தேன். நூல் முழுக்க ஒரே இழுப்பில் கழன்று விழுந்தது. குமாஸ்தா பணத்தை ஒரு தடவைதான் எண்ணினான். இன்னொரு தடவை எண்ணச் சொன்னேன்.

மருமகள் கொம்பு வண்டியில் ஏறி உட்கார்ந்தாள். மஞ்சள் தொப்பியில் அவளை அடையாளமே தெரியவில்லை. கம்பிவேலிக்கு இந்தப் பக்கம் நானும் வாயாடியும் வெயிலில் நின்றோம். பலகைமேல் எட்டு மூட்டை அடுக்கியிருந்தார்கள். அதைக் கொம்பில் எடுத்து, ஆள் உயரத்துக்கு மேலே தூக்கி, திரும்பிப் போய், தரையில் வெள்ளைக் கோடு போட்ட கட்டத்துக்குள் கோட்டைத் தொடாமல் இறக்கவேண்டும். பரீட்சை வைக்கிறவன் ஒரு அட்டையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றான். அவனை எனக்குப் பிடிக்கவில்லை. முன்னால் போன இரண்டு ஆண்களும் கோட்டை மிதித்துவிட்டார்கள்.

வண்டி உறுமியது. கொம்பு பலகைக்கு அடியில் வழுக்கிக்கொண்டு போனது. தேங்காமல், தட்டாமல் போனது. மூட்டைகள் மெல்ல மேலே எழும்பின. அந்த எட்டு மூட்டையும் எவ்வளவு கனமென்று என் முதுகுக்குத் தெரியும். நான் வேலியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தேன். அப்போது கோட்டுப் பை கம்பியில் இடித்தது.

தொப்.

நான் அசையாமல் நின்றேன். பைக்குள் கையை விட்டேன். வெயிலில் டின் கதகதவென்று சூடேறியிருந்தது. மெதுவாக வெளியே எடுத்துக் காதில் வைத்து, ஒரே ஒரு தடவை சாய்த்தேன்.

“என்ன தாத்தா? என்ன கேக்குது?”

“பேசாம இரு. அம்மாவைப் பாரு.”

கொம்பு உச்சியில் நின்று, வண்டி திரும்பி, கட்டத்துக்கு நேராக வந்தது. வெள்ளைக் கோட்டின்மேல் பலகையின் நிழல் விழுந்தது. மூட்டைகள் ஒரு சாண் இறங்கின, இன்னொரு சாண் இறங்கின. நான் டின்னைக் காதிலிருந்து எடுக்கவில்லை.